நூலகச் சுவரில் மரச்செதுக்கு: 1966 சிங்கப்பூர் அறுவர் கண்காட்சியும் தமிழ்ப் பட்டியல்களில் இடம்பெறாத பெயர்களும்

முன்னுரை

1966ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் உள்ளூர்க் கலைஞர் அறுவர் தம் மரச்செதுக்கு அச்சோவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். லிம் யூ குவான், சீ சீன் டீ, ஃபூ சீ சான், டான் டீ சீ, சூ கெங் குவாங், லிம் மு ஹுவே என்போர் அவ்வறுவர். மரச்செதுக்கை மட்டுமே பொருளாகக் கொண்டு அந்நாட்டில் நடந்த முதற் பெருங்காட்சியாக அதனைக் கலைவரலாற்றாளர் கொள்வர். அதே ஆண்டு ஏப்ரல் திங்களில், சிங்கப்பூருக்கு வடக்கே கோலாலம்பூரில், தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று அறிந்து நடந்தவையல்ல. எனினும் இரண்டும் அச்சான தாள்களையே எச்சமாக விட்டுச் சென்றன. மாநாட்டுத் தொகுதிகளை நம் நூலகங்கள் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என முறையாகப் பதிந்து வைத்துள்ளன. கண்காட்சியையோ, 40 ஆண்டுகள் கழித்து, 2006இல், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியமே மீண்டும் நினைவுகூர்ந்து அவ்வறுவரின் பணி பற்றி ஒரு நூலையும் வெளியிட்டது.

தமிழ் அச்சுமரபில் மரத்தில் படம் வெட்டிய ஒருவரின் பணியை நாம் இவ்வாறு மீட்டெடுக்க இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா. அரிதாகவே இயலும் என்பது என் விடை. அதற்குக் காரணம் கலைஞர் இன்மை அன்று; கலைஞரின் பெயர் பதியப்படாமை. நம் ஆய்வரங்குகளில் ஓலைக்கும் எழுத்துக்கும் பதிப்புக்கும் அமர்வுகள் பல உண்டு. படம் அச்சான முறைக்கு ஓர் அமர்வைக் காண்பது அரிது. ஆதலின் அம்முறையைச் சற்று விரிவாகவே விளக்கிப் பின் சிங்கப்பூர்ச் சான்றுக்கும், அதன்வழித் தமிழ்ச் சான்றுக்கும் செல்கிறேன்.

அச்சோவியம் என்பது யாது

ஓவியம் ஒன்றை ஒளிப்படமெடுத்து அச்சிட்ட சுவரொட்டியை அச்சோவியம் எனக் கருதுவோர் கற்றவரிடையேயும் உளர். அது படத்தின் நகல் மட்டுமே. அச்சோவியத்தில் நகலுக்கு முற்பட்ட மூலத்தாள் என ஒன்று இல்லை. கலைஞர் உருவாக்குவது கட்டை. பார்ப்பவர் காண்பது அக்கட்டை தாளில் விட்ட தடம். இருபது தாள்கள் எடுக்கப்பட்டால் இருபதும் மூலங்களே.

மேட்டில் மை ஏற்றி எடுப்பது, பள்ளத்தில் மை தேக்கி எடுப்பது, கல்லின்மேல் எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பைக் கொண்டு எடுப்பது, திரையின் துளைவழி மை செலுத்தி எடுப்பது எனப் படம் அச்சிடும் வழிகள் பல. மரச்செதுக்கு இவற்றுள் முதல்வகை. பலகையை இழைத்து வழவழப்பாக்கி, அதன்மேல் படத்தை இடவல மாற்றமாக வரைந்துகொள்வர். தாளில் வெண்மையாக நிற்க வேண்டிய இடங்களைச் சிறு உளிகளால் அகழ்ந்து நீக்குவர். எஞ்சிய மேட்டின்மீது உருளையால் மை பூசி, தாளைப் பரப்பி, அதன் முதுகில் கரண்டியின் புறத்தாலோ மூங்கில் உறை சுற்றிய தட்டையான தேய்ப்பானாலோ வட்டவட்டமாகத் தேய்ப்பர். பின் தாளை ஓர் ஓரத்திலிருந்து உரித்தெடுப்பர். அச்சுப்பொறி கட்டாயமில்லை. சமையலறை மேசையும் ஒரு கரண்டியும் போதும்.

இவ்வெளிமை ஏமாற்றக்கூடியது. தூரிகை பிடிப்பவர் தவறிய கோட்டின்மேல் மற்றொரு கோட்டை இடலாம். உளி பிடிப்பவர் நீக்கிய மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. மேலும் மரத்திற்கு இழையோட்டம் உண்டு. இழையின் வழியே உளி வழுக்கிச் செல்லும். குறுக்கே செல்கையில் சிராய் பெயரும். எனவே நீண்டமெல்லிய வளைகோடு மரச்செதுக்கில் எளிதன்று. தடித்த கருமை, கூரிய முனை, திடீரென உடையும் கோடு ஆகியவை அதற்கு இயல்பு. மரத்தை நெடுக்காக அறுக்காமல் குறுக்காக அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் நுண்ணுளி கொண்டு கீறும் வேறொரு முறையும் உண்டு. அதில் மயிரிழைக் கோடும் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்ப்படங்கள் பல இம்முறையில் ஆனவை. இரண்டையும் தமிழில் வேறுபாடின்றி ‘மரக்கட்டைப் படம்’ என்றே எழுதுகிறோம். இக்கட்டுரையில் முன்னதை மரச்செதுக்கு என்றும் பின்னதை மரக்கீறல் என்றும் குறிக்கிறேன்.

இடவல மாற்றம் எழுத்துக்கு வரும்போது வேடிக்கையாகும். ‘கெ’ என்னும் எழுத்தைக் கட்டையில் வெட்டுவோர் ககரத்தை முதலிலும் கொம்பை அதன் வலப்புறத்திலும், இரண்டையும் புரட்டியும், வெட்டவேண்டும். ஐரோப்பியப் பாதிரிமாருக்காகத் தமிழெழுத்து வார்த்த முதல் தொழிலாளர் இவ்விடரை நன்கு அறிந்திருப்பர்.

தமிழில் இக்கலைக்குச் சொற்பஞ்சம் இல்லை. ‘பதிப்பு’ என்னும் சொல் நூலுக்கும் பொருந்தும், ஒரே கட்டையிலிருந்து எடுத்த தாள்களின் தொகைக்கும் பொருந்தும். ‘படி’ என்பது ஏட்டுக்கும் அச்சுத்தாளுக்கும் பொது. ‘அச்சு’ என்பதோ வெல்லத்திலும் முறுக்கிலும் கோலத்திலும் நாம் நாள்தோறும் புழங்குவது. அச்சோவியத் தாளின் கீழோரத்தில் கரிக்கோலால் 5/20 என்று இருப்பின், இருபது படிகள் கொண்ட பதிப்பில் அது ஐந்தாம் படி என்று பொருள். அதனருகே கலைஞர் கையொப்பம் இருக்கும். பார்வைக்குச் சிறிதாயினும் இந்தக் கையொப்பமே நம் ஆய்வுப்பொருளின் மையம்.

சாங்காயிலிருந்து தென்கடலுக்கு

கையொப்பம் என்றும் இருந்ததன்று. சீனத்தில் மரக்கட்டை அச்சு மிகப் பழையது. துன்குவாங் குகையில் கிடைத்து இன்று இலண்டனில் உள்ள வச்சிரச் சூத்திரச் சுருள் பொது ஆண்டு 868ஐச் சேர்ந்தது. அதன் முகப்பில் புத்தர் அறமுரைக்கும் படம் மரத்தில் வெட்டப்பட்டுள்ளது. ஆயின் அந்நெடுமரபில் வரைபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர் எனத் தொழில் பிரிந்திருந்தது. வெட்டுபவர் பிறர் வரைந்ததைப் பிழையின்றி மரத்திற்கு மாற்றும் கைவினைஞராகவே கருதப்பட்டார்.

இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் ஓவியர் அல்லர். எழுத்தாளர் லூ சுன். 1931 ஆகத்து 17 முதல் 22 வரை சாங்காயில் 13 இளைஞர்க்கு மரச்செதுக்குப் பயிற்சி நடந்தது. கற்பித்தவர் சப்பானியரான உச்சியாமா காக்கிச்சி. அவர் பேச்சை மொழிபெயர்த்து நின்றவர் லூ சுன். காக்கிச்சியின் அண்ணன் சாங்காயில் புத்தகக்கடை நடத்தியவர் என்பதும் நோக்கத்தக்கது. வரைபவர், வெட்டுபவர், அச்சிடுபவர் மூவரும் ஒருவரே ஆகவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இதனைப் படைப்பு மரச்செதுக்கு என்றனர். செருமானியக் கலைஞர் கேத்தே கோல்விட்சின் அச்சோவியங்களை லூ சுன் தொகுத்து 1936இல் வெளியிட்டார். தாய், பசி, சாவு, கூலி ஆகியவற்றைக் கருப்பு வெள்ளையில் சொல்லும் வழி அத்தொகுப்பால் ஆசியா எங்கும் பரவிற்று. வங்காளப் பஞ்சத்தை வரைந்த சித்தப்பிரசாத்தும் சோமநாத் ஹோரும் இவ்வோட்டத்திற்கு அயலார் அல்லர்.

சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகம் 1938இல் லிம் ஹாக் தாய் என்பவரால் நிறுவப்பட்டது. நன்யாங் என்பது ‘தென்கடல்’ எனப் பொருள்படும். சீனத்திலிருந்து நோக்குவோர் இத்தீவுகளுக்கு இட்ட பெயர். அறுவருள் லிம் யூ குவான் அந்நிறுவனரின் மைந்தர். இலண்டன் செல்சியா கலைப்பள்ளியில் பயின்று திரும்பி, 1963 முதல் 1979 வரை அக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். ஏனையோரும் அக்கழகத் தொடர்பு உடையவரே. அறுவருள் இளையவரான லிம் மு ஹுவே 1936இல் பிறந்தவர். மரச்செதுக்கோடு மரக்கீறலிலும் தேர்ந்தவர்.

இவர்கள் எதனை வெட்டினர் என்பதை இரு சான்றுகளால் காட்டலாம். 1954 மே 13 அன்று, கட்டாயப் படைப்பணிப் பதிவை எதிர்த்துத் திரண்ட சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கும் காவலர்க்கும் மோதல் ஏற்பட்டது. அதனைச் சூ கெங் குவாங் அவ்வாண்டே மரத்தில் வெட்டினார். அவசரநிலைச் சட்டம் நடப்பிலிருந்த காலம் அது. எண்ணெய் ஓவியம் ஓரிடத்தில் ஒன்றாக நிற்கும். மரச்செதுக்கோ மலிவான தாளில் பலவாகிப் பல கைகளுக்குச் செல்லும். வடிவத்தின் இத்தன்மையை விட்டு அப்படத்தின் அரசியலை மட்டும் பேசுவது அரைகுறை ஆய்வாகவே முடியும்.

மற்றொன்று லிம் யூ குவானின் ‘தீக்குப் பின் (புக்கிட் ஹோ சுவீ)’. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவ்விடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடிகள் பின்னர் சிங்கப்பூரின் முன்னேற்றக் கதையில் முதல் அதிகாரம் ஆயின. லிம் தம் மரச்செதுக்கைச் செய்த ஆண்டு 1966. மாடிகள் எழுந்த பின்னரும் அவர் வெட்டியது மாடியை அன்று, தீயையும் அன்று, தலைப்பே கூறுவதுபோலத் தீக்குப் பின் நின்றதை. மரத்தில் மையிட்டு எடுக்கும் கருமையும் எரிந்த மரத்தின் கருமையும் பார்வைக்கு வேறல்ல. இப்பொருளுக்கு இவ்வூடகத்தைவிடப் பொருத்தமானது எதுவென எனக்குத் தோன்றவில்லை.

நூலகம் இடமானது ஏன்

சிங்கப்பூரில் தேசிய அருங்காட்சியகக் கலைக்கூடம் திறக்கப்பட்டது 1976இல்தான். 1966இல் உள்ளூர்க் கலைஞர்க்குக் கிடைத்த பொது இடங்கள் சில. அவற்றுள் நூலகமும் ஒன்று. இது நடைமுறைக் காரணம். எனினும் அந்நூலகத்தின் வரலாற்றில் வேறொரு காரணமும் உண்டு. தமிழ் நூலகத்தார் கருத வேண்டியது அதுவே.

இராபிள்சு நூலகம் எனும் பெயரில் இயங்கியது பெரிதும் ஆங்கிலம் கற்றோர்க்கான, கட்டணம் செலுத்திய உறுப்பினர்க்கான நூலகம். 1953இல் இரப்பர் வணிகர் லீ கோங் சியான் புதிய நூலகக் கட்டடத்திற்கு 375,000 வெள்ளி தர முன்வந்தார். இரண்டு நிபந்தனைகள் விதித்தார். நூலகம் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். ஆங்கிலமல்லாத உள்ளூர் மொழிகளின் நூல்களும் அதில் இடம்பெற வேண்டும். இசுடாம்போர்டு சாலையில் சிவப்புச் செங்கல் கட்டடமாக அந்நூலகம் 1960 நவம்பர் 12 அன்று திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் அரசு நூலகத்தில் தமிழ் நூல் உரிமையோடு இடம்பெற்றதற்கு இச்சீன வணிகரின் நிபந்தனையும் ஒரு காரணம். இதனைத் தமிழர் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.

1965 ஆகத்து 9 அன்று தனிநாடாகிய சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள். ஒருவர் மொழியின் இலக்கியத்தை மற்றவர் படிக்க இயலாத நிலையில், நான்கு மொழியினரும் நுழைந்த பொதுக்கூடத்தில் சொல்லின்றிப் படிக்கத்தக்கவை இம்மரச்செதுக்குகளே. ‘படிக்க’ என்னும் சொல்லை வேண்டுமென்றே இங்குப் பயன்படுத்துகிறேன். ஒரு கட்டைப் படத்தில் உளி சென்ற திசை, அழுத்தம், தயக்கம் ஆகியன தெரியும். ஏட்டில் எழுத்தாணியின் போக்கைக் கண்டு எழுதியவர் கையை அறியும் சுவடியியலார்க்கு இது புதிய பயிற்சியன்று.

2004இல் அந்நூலகம் மூடப்பட்டுச் சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. நுழைவாயிலின் செங்கல் தூண்கள் இரண்டு இன்றும் அங்கு நிற்கின்றன. 2005இல் விக்டோரியா தெருவில் புதிய கட்டடம் திறக்கப்பட்ட மறு ஆண்டே, இல்லாது போன கூடத்தில் நடந்த கண்காட்சி மீண்டும் பேசப்பட்டது. கட்டடம் போய்விட்டது, படிகளும் பெயர்களும் இருந்தன. பல படிகளாகப் பிறப்பதால் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எங்கேனும் எஞ்சும் வாய்ப்பு அச்சோவியத்திற்கு உண்டு; ஒவ்வொரு படியிலும் கையொப்பம் இருப்பதால் எஞ்சியதை இன்னாருடையது எனச் சொல்லவும் முடிகிறது.

தமிழ்க் கட்டைகளின் வாழ்க்கை

தமிழ் அச்சின் தொடக்கமே வேறு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ உலோக எழுத்துக்களால் ஆனது. சீனத்தில் எழுத்தும் படமும் ஒரே பலகையில் ஒருங்கே வெட்டப்பட்டன. படத்தை நூலிலிருந்து பிரிக்க இயலாது. தமிழிலோ எழுத்து உலோகத்திலும் படம் மரத்திலுமாக முதலிலிருந்தே பிரிந்து நின்றன. எழுத்தின் உயரமான ஏறத்தாழ 23 மில்லிமீட்டருக்குக் கட்டையையும் இழைத்து, இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கி அச்சிட்டனர். வேலை முடிந்ததும் எழுத்துக்கள் பிரிக்கப்பட்டு அவ்வவற்றின் அறைகளுக்குத் திரும்பும். கட்டை மட்டும் முழுமையாக எஞ்சும். அச்சகத்தார் அதனைப் ‘பிளாக்’ என்பர். அது அச்சகத்தின் சொத்து, அடுத்த நூலுக்கும் ஆகும், விற்கவும் படும்.

பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைப் புரட்டியோர் இதனை அறிவர். விக்கிரமாதித்தன் கதையில் அரியணையில் வீற்றிருந்த அரசர் வேறொரு கதையிலும் அதே அரியணையில், அதே மீசையோடு வீற்றிருப்பார். இரத்தின நாயகர் நிறுவனம் போன்ற வெளியீட்டாளரின் நூல்கள் கடல் கடந்து மலாயாத் தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் சென்றன. எழுத்தறியாதார் பலர், பிறர் வாசிக்கக் கேட்டவாறே இப்படங்களை நோக்கியிருப்பர். ஆயினும் ஒரு கட்டையை வெட்டியவர் இன்னார் என்று நூலில் குறிக்கும் வழக்கம் ஏற்படவில்லை. ஆசிரியர் பெயர் உண்டு, பரிசோதித்தவர் பெயர் உண்டு, அச்சுக்கூடத்தின் பெயரும் தெருவும் உண்டு. சாற்றுகவி தந்தவர்க்குப் பக்கக்கணக்கில் இடமும் உண்டு. உளி பிடித்தவர்க்கு ஒரு வரி இல்லை.

பயிற்சி இல்லாமற் போனதால் இவ்வாறு நேர்ந்தது என்று கூறமுடியாது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் அண்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியில் மரக்கீறல் கற்பிக்கப்பட்டது. பின்னாளில் துத்தநாகத் தகட்டில் ஒளிப்பட வழி வந்த பிளாக்குகள் மரத்தை விலக்கின. அதன்பின் ஆனந்த விகடனில் மாலி, கோபுலு முதலிய ஓவியர்தம் கையொப்பம் படத்தோடு சேர்ந்தே அச்சாயிற்று. வாசகரும் பெயரை அறிந்தனர். வரைந்தவரின் பெயர் நிலைபெற்றது. அதற்கு முன் பல்லாண்டுகள் வெட்டியவரின் பெயர் நிலைபெறவில்லை. லூ சுன் ஒன்றாக்க விரும்பிய மூன்று தொழில்களும் நம்மிடம் பிரிந்தே இருந்ததன் விளைவு இது. தேவகோட்டையில் பிறந்த ரா. மு. பழனியப்பன் போன்று அச்சோவியத்தையே தம் முதன்மை ஊடகமாகக் கொண்ட தமிழ்க் கலைஞர் பின்னர் தோன்றினர். அவர்கள் படைப்பு கலைக்கூடத்திற்குச் சென்றது. நூலகத்திற்கு வந்தது குறைவு.

சிங்கப்பூரின் தமிழ் அச்சு இவ்வகையில் மற்றொரு சிந்தனையைத் தூண்டுகிறது. 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் அந்தாதியும் சித்திரகவிகளும் சிங்கப்பூரில் அச்சேறின. எழுத்தைத் தேராகவும் பாம்பாகவும் தாமரையாகவும் அடுக்கும் சித்திரகவி, நம் இலக்கணத்தார் ஒப்பிய படம். அதனைப் புலவரின் சொல்லாட்சியாகவே ஆய்கிறோம். ஈய எழுத்துக்களைக் கட்டத்துக்குள் நிறுத்திய அச்சுக்கோப்பாளரின் கைத்திறத்தையும் சேர்த்து ஆய்ந்தால் அது வேறொரு கட்டுரையாகும்.

பட்டியலில் ஒரு வரி

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் ஐரோப்பிய நூலகம் ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கதைநூல்களைப் பார்த்து வந்தேன். பட்டியலட்டையில் நூலின் அளவு, பக்கம், அச்சுக்கூடம் எல்லாம் மிகுந்த கவனத்துடன் தரப்பட்டிருந்தன. படங்களைப் பற்றி இருந்தது ‘படங்களுடன்’ என்னும் ஒரு சொல். எத்தனை படம், மரமா கல்லா உலோகமா என்பதற்கு விடை இல்லை. பின்னர் நான் பணியாற்றிய நாடுகளின் தமிழ்த் தொகுப்புகளிலும் பெரும்பாலும் இதே நிலையையே கண்டேன். அப்பட்டியல்களைச் செய்தோரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்த நூலிலேயே பெயர் இல்லை.

எனினும் இன்று சில செய்யலாம். நூலகங்கள் கையாளும் ‘மார்க்’ பட்டியல் வடிவத்தில் ஒருவர்க்கும் நூலுக்கும் உள்ள உறவைக் குறிக்கத் தனிக் குறியீடுகள் உள்ளன. அவற்றுள் மரச்செதுக்காளர்க்கு ஒன்றும் மரக்கீறலாளர்க்கு ஒன்றும் உண்டு. தமிழ்ப் பதிவுகளில் இவை பயன்பட நான் கண்டதில்லை. பெயர் தெரியாவிடினும், ஒரே கட்டை எந்தெந்த நூல்களில் வந்துள்ளது என்பதைப் பதிய முடியும். ஆங்கிலத் தெருப்பாடல் தாள்களின் மரச்செதுக்குகளை ஒப்பிட்டு ஒரே கட்டையைக் கண்டறியும் கணினித் தேடலை ஆக்சுபோர்டு பொட்லியன் நூலகம் நடைமுறைப்படுத்தியுள்ளது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற பெருந்தொகுப்பில் இம்முயற்சி நிகழ்ந்தால் எத்தனை அரசர்கள் ஒரே அரசராக முடிவர் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

இதனால் விளையும் பயன் கலைவரலாற்றிற்கு மட்டும் உரியதன்று. பெரிய எழுத்து நூல்கள் பலவற்றில் ஆண்டு குறிக்கப்படவில்லை. மரக்கட்டையோ முதுமை அடையும். ஓரம் நலியும், மெல்லிய கோடு முறியும், மரம் வெடித்துக் கருமையின் நடுவே வெள்ளைக் கீற்று தோன்றும். வெடிப்பு பெரும்பாலும் மூடாது. ஆகவே பொதுவாகக் கீற்றில்லாத படம் முந்தையது, கீற்றுள்ள படம் பிந்தையது. உயிரியலாளர் பிளேர் எட்சசு 2006இல் ஐரோப்பிய நூற்படங்களில் கோடு முறிந்த அளவைக் கணக்கிட்டு ஆண்டில்லாப் பதிப்புகளின் காலத்தை மதிப்பிடும் முறையை வெளியிட்டார். பாடவேறுபாட்டைக் கொண்டு பதிப்புகளின் முன்பின் காணும் நம் பதிப்பாசிரியர்க்கு இது மற்றுமொரு கருவி. ஒரு கட்டை இரு வெளியீட்டாளர்க்கிடையே கைமாறியதை அறிந்தால், எந்த அச்சகம் எப்போது நொடித்தது, எவருடைய சொத்தை எவர் வாங்கினார் என்பவற்றுக்கும் குறிப்புக் கிடைக்கும்.

அயலகத் தமிழ்ச் சங்க நூலகங்களும் ஊர்ப்பொது நூலகங்களும் உள்ளூர் அச்சோவியர்க்குச் சுவர் தருவது இன்று பல நாடுகளில் நடப்பதே. அங்கு நிகழ்வது பெரும்பாலும் திறப்புவிழா, பொன்னாடை, ஒளிப்படம்; இரண்டு வாரம் கழித்துச் சுவர் வெறுமையாகும். அறுவர் கண்காட்சியை நினைவுகூர முடிந்தது பெயர்ப் பட்டியலும் படிகளும் எஞ்சியதால். எனவே கண்காட்சி முடிவதற்குள் நூலகம் ஒவ்வொரு கலைஞரிடமிருந்தும் ஒரு படியையேனும் விலைகொடுத்து வாங்கிவிடல் வேண்டும். அச்சோவியம் ஓவியத்தைவிட மலிவு. சிறு நூலகத்திற்கும் இது இயலும். படியைப் படச்சட்டத்திலிட்டு அலுவலகச் சுவரில் மாட்டாமல், நூலைப் போலவே எண்ணிட்டு, தமிழிலும் அந்நாட்டு மொழியிலும் பெயர் எழுதி, மரத்தின் வகை, படிகளின் தொகை, கலைஞரே அச்சிட்டாரா பிறர் அச்சிட்டாரா என்பவற்றோடு பட்டியலில் ஏற்ற வேண்டும். பெயரை அந்தந்த மொழியின் எழுத்தில் கலைஞரிடமே எழுதி வாங்குவது நலம். அறுவரின் பெயர்களைத் தமிழில் எழுதுவதற்கே மூன்று நூல்களில் மூன்று எழுத்துக்கூட்டல்களைக் கண்டு தடுமாற நேர்ந்தது.

கலைஞர் இசைந்தால் ஒரு கட்டையையும் பெறலாம். பதிப்பு முடிந்தபின் மேலும் படி எடுக்காதிருக்கக் கட்டையின் குறுக்கே ஒரு கோடு கீறிவிடும் வழக்கம் உண்டு. ஆய்வாளர்க்கு அக்கீறல் தடையன்று. உளித்தடத்தைத் தாளில் ஊகிக்கிறோம். மரத்தில் விரலால் தடவி அறிகிறோம். ஆயின் கட்டையையும் தாளையும் ஒரே பெட்டியில் வைத்தல் ஆகாது. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி தாளைப் பழுப்பாக்கும். வெப்பநாட்டு ஈரத்தில் மரம் வளைந்து தாளையும் வளைக்கும். செல்லுக்கும் பூஞ்சைக்கும் உரிய முன்காப்பும் இரண்டிற்கும் வெவ்வேறு. ஒரே பதிவெண்ணில் கட்டைக்கு ஒரு துணையெண்ணும் தாளுக்கு ஒரு துணையெண்ணும் தந்து, இரண்டையும் வெவ்வேறு அடுக்கில் வைப்பது போதுமானது.